சுருங்கிய பதினோரு மரங்கள்

கோடையில் மரம் ஒரு மயிரிழை இளைக்கும், மழை பெய்தால் தேறிவிடும். மற்றபடி உயிரோடிருக்கும் மரம் பருத்துக்கொண்டேதான் போகும். இருபது வருடங்களுக்கு மேலாகக் காடுகளில் மரங்களின் சுற்றளவை எடுத்துக் குறிப்பதே என் வேலை என்பதால் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அப்படியிருக்க, எங்கள் விஞ்ஞானி கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "கோயில் காட்டுல பதினோரு மரம் சுருங்கியிருக்கே, எப்படிம்மா?" என்று கேட்டார்.

எங்கள் ஆய்வு அலுவலகம் புதுச்சேரிக் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. விஞ்ஞானி வெளிநாடு போய்ப் படித்து வந்தவர். நான் பிளஸ் டூ. ஆனால் பட்டையை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தே இது வீரை, இது பாலை என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இல்லை என்று சொன்னால் அலுவலகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அவர் அதட்டிக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வெயில் ஜாஸ்திதான், புரியுது. கொஞ்சம் மரத்தை அளந்துட்டு மீதியை உக்காந்த இடத்துலயே எழுதியிருந்தாலும் சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார்.

"தப்பாவே நெனச்சுக்குங்க சார். நான் அளக்காம ஒரு எண்ணு கூட எழுதுனது கெடையாது" என்றேன். குரல் எனக்கே அதிகமாகத்தான் கேட்டது.

அப்படியானால் அந்தக் காட்டையே ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் டைம் தருவதாகவும் சொன்னார். காடு போனால் போகட்டும் என்று நான் விட்டுவிட முடியாது. அதோடு சேர்ந்து என் சொல்லும் போகும். கோயில் காட்டில் பொய் எழுதியவள் மற்ற காடுகளில் மட்டும் உண்மையா எழுதியிருப்பாள் என்றுதானே நாளைக்குக் கேட்பார்கள்?

அந்தக் காடு வில்லியனூர் தாண்டி, ஐயனார் கோயிலைச் சுற்றி இருப்பது. அங்கே இரும்பு நுழையக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மற்ற காடுகளில் மரத்துக்கு ஆணி அடித்து எண் தகடு மாட்டுவோம், அளக்கும் இடத்தில் பெயிண்டால் கோடு போடுவோம். இங்கே ஆணியும் கிடையாது, கோடும் கிடையாது. எந்த மரம் எங்கே என்பது வரைபடத்திலும் என் தலையிலும்தான் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நாலே கால் அடி மூங்கில் குச்சியைத் தரையில் ஊன்றி, அதன் நுனி தொடும் இடத்தில் டேப்பைச் சுற்றி அளப்போம். ஐந்து வருடங்களுக்கு முன்பும் அப்படித்தான் அளந்தேன். இப்போதும் அப்படித்தான்.

அன்று மதியம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஐந்து வருடத்துக்கு முந்தைய நோட்டையும் இந்த வருட நோட்டையும் அருகருகே விரித்தேன். காட்டின் ஓரத்து மரங்கள் எல்லாம் ஒழுங்காகப் பருத்திருந்தன. சுருங்கிய பதினொன்றும் கோயிலை ஒட்டி நின்றவை. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஏமாற்றுகிறவள் காட்டோரத்து முள்ளுக்குள் இருக்கும் மரத்தில் ஏமாற்றுவாளா, கோயில் நிழலில் நிற்கும் மரத்தில் ஏமாற்றுவாளா?

மறுநாள் காலையில் என் வீடு இருக்கும் மூலக்குளத்தில் என்னை ஏற்றிக்கொண்ட ஜீப் டிரைவர் தம்பி வழக்கமாகப் போடும் பாட்டைக் கூடப் போடவில்லை. விஷயம் அவனுக்கும் எட்டியிருந்தது. பதினோரு மரத்தையும் மறுபடி அளந்தோம். அதே எண்கள். கோயிலுக்கு எதிரே, பொங்கல் பானையை இறக்கி வைக்கும் செங்கல் மேடையில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"இன்னாக்கா, அம்பது வயசுல வளந்துட்டியா?" என்றான் அவன்.

குனிந்து பார்த்தேன். முழங்கால் நெஞ்சுக்கு வந்திருந்தது. நான் குள்ளம். போன முறை இதே மேடையில் உட்கார்ந்தபோது என் கால் தரைக்கு எட்டாமல் ஆடியதும், இதே பயல் அதற்குச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. நான் வளரவில்லை. தரை வளர்ந்திருக்கிறது.

கோயில் பூசாரி பகலில் புதுச்சேரி டவுனில், பெரிய மார்க்கெட் பக்கத்து ஜவுளிக்கடையில் வாட்ச்மேன். நேரே அங்கே போனோம். "ஆமாம்மா, மழை பேஞ்சா தண்ணி நின்னுக்கினு இருந்துச்சி. நீங்க போன தடவ அளந்துட்டுப் போன கொஞ்ச நாள்லயே குடமுழுக்கு வந்துச்சி. அதுக்கு முன்ன மண்ணு அடிச்சி, கூடையில வாரிக் கையாலயே பரப்புனோம்" என்றார். சுற்றிலும் கிடக்கும் அதே செம்மண். அதன் மேல் ஐந்து வருடச் சருகு. நான் அந்த மண்ணின் மேலேயே வெறுங்காலில் நின்றுகொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். தரை ஏறியதால் குச்சியும் ஏறிவிட்டது. அடிமரம் பெருத்தும் மேலே ஒடுங்கியும் இருக்கும் மரத்தில், ஒடுங்கிய இடத்தை அளந்திருக்கிறேன். எண்ணில் பொய் இல்லை. ஆனால் மரத்தைப் பார்த்தவள் மண்ணைப் பார்க்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

வேரடி வரை தோண்டிப் பார்க்க வேண்டும் என்றேன். மண்வெட்டி கூடாது, கொட்டாங்குச்சியால் தோண்டிக்கொள்ளுங்கள், பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும் என்றார். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்பது அவருக்குத் தெரியும். நான் தயங்குவதைப் பார்த்து, "நீங்க உங்க மாதாவ வேண்டிக்கினு தோண்டுங்க. எங்க ஐயனாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று சிரித்தார்.

பூசாரியின் லீவு நாளுக்கு விஞ்ஞானியையும் அழைத்தேன். வந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். ஷூவைக் கழற்றிவிட்டு நெருஞ்சி முள்ளில் நொண்டிக்கொண்டே வந்து, முதல் பாலை மரத்தடியில் மண்டியிட்டு அவரும் கொட்டாங்குச்சியால் சுரண்டினார். முழங்கை ஆழம் போனதும் மண் இறுகியது. மக்கிய பழைய சருகு ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரிந்தது. அதற்கும் கீழே வேர் விரியத் தொடங்கியது. பழைய தரை அதுதான்.

குழிக்குள் குச்சியை ஊன்றி, நுனி தொட்ட இடத்தில் டேப்பைச் சுற்றினேன். மரம் பருத்திருந்தது. அடுத்ததும் பருத்திருந்தது. ஒவ்வொன்றாக நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பதினோராவது மரத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவர் தம்பியோ தானே பெற்று வளர்த்த மரங்கள் மாதிரி விசில் அடித்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

"தப்பா கேட்டுட்டேம்மா" என்றார் விஞ்ஞானி. எழுதிய நோட்டை மூடிக்கொண்டே, "சுருங்கினதா வந்த அந்த எண்களை அழிச்சிட்டு இதைப் போட்டுடலாம். கெட்ட கணக்கு உங்க பேர்ல இருக்க வேணாம்" என்றார்.

அவர் கனிவோடுதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

"அழிக்காதீங்க சார். அன்னிக்கி டேப்பு காட்டுனது அதுதான். அதும் இருக்கட்டும், இதும் இருக்கட்டும். நடுவுல மண்ணு ஏறிச்சின்னு எழுதுங்க, அத அளந்தவ பாக்கலன்னும் எழுதுங்க."

"அளந்தவர்னு யார் பேரைப் போட?"

"என் பேரத்தான் சார். ரெண்டு எடத்துலயும்."