தீவுப் படமும் அப்பாவின் கையும்

என் தங்கை இப்போதும் எனக்குப் போன் போட்டுக் கேட்பாள். "அக்கா, இந்தப் படம் என் பொண்ணுக்கு ஆகுமா?" கைப்பேசியைத் தட்டினால் எத்தனை வயதுக்கு மேல் பார்க்கலாம், ரத்தம் உண்டா, பேய் உண்டா என்று எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிடுகிறார்கள். அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்கிறாள். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். கடைசியில் இருவருமே, "அப்பா இருந்தா போய்ப் பாத்துட்டு வந்து சொல்லியிருப்பாரு" என்போம்.

அப்பா மோட்டார் காயில் கட்டுபவர். தண்ணீர் மோட்டார், மின்விசிறி, மாவு மில் மோட்டார் என்று எரிந்துபோனதெல்லாம் அவரிடம் வரும். கருகிய செம்புக் கம்பியைப் பிடுங்கிப் போட்டு, புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். எந்தச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அந்த வார்னிஷ் வாசனை அவர் கையை விட்டுப் போகாது. "உங்க அப்பா தொட்டா தண்ணி கூட வார்னிஷ் மணக்கும்" என்று அம்மா கேலி செய்வாள். அவர் உடனே அம்மாவின் மூக்குக்கு நேராகக் கையை நீட்டுவார். அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் ஓடுவாள்.

எந்தப் படமாக இருந்தாலும் விடுமுறை நாளில் காலைக் காட்சிக்கு அவர் தனியாகப் போய்ப் பார்ப்பார். சின்னவளுக்கு ஆகும் என்றால், திரும்பி வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று "கிளம்புங்க" என்பார். ஆகாது என்றால் பேசாமல் உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். சட்டை ஆணிக்குப் போய்விட்டால் தீர்ப்பு முடிந்தது, மேல்முறையீடு கிடையாது.

தியேட்டரில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் உட்காருவார். இடது கை தங்கைக்கு, வலது கை எனக்கு. படத்தை முன்பே பார்த்துவிட்டதால், பயங்கரம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் வார்னிஷ் கை வந்து கண்ணை மூடிவிடும். கூடவே காதோரம், "பயப்படாத. இது சினிமா. நிஜத்துல இப்படியெல்லாம் நடக்காது." இதில் வேடிக்கை என்னவென்றால், திரையில் வரும் எதைப் பார்த்தும் எங்களுக்குப் பயமில்லை, அப்பாவின் கை எழுந்தால்தான் குலை நடுங்கும். பக்கத்து இருக்கைக் குழந்தைகள் கூட அவர் கையைப் பார்த்துவிட்டுத் தாங்களே கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நேரம் போதாமல் ஆபரேட்டர் படத்தில் ஒரு துண்டை வெட்டிவிட்டார். அப்பாவின் கணக்கு தப்பியது. பாட்டு ஓடும்போது எங்கள் கண்ணை மூடினார், பாம்பு வந்தபோது எடுத்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த அம்மாதான் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். வீட்டுக்குத் திரும்பவில்லை.

தங்கைக்கு அப்போது ஆறு வயது. கேள்வி கேட்டுக் கேட்டே ஆளைக் குத்துவாள் என்பதால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். அவளிடம் யாரும் பொய் சொல்லவில்லை. அம்மா செத்துப்போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று அப்பாவே மடியில் உட்காரவைத்துச் சொன்னார். தலையாட்டினாள். அம்மா ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை பார்த்தவள், தினமும் சாயங்கால பஸ்ஸில் வருவாள். மறுநாள் தெருமுனையில் அந்த பஸ் வந்து நின்றதும் குண்டூசி ஜன்னலுக்கு ஓடினாள். இறங்கியவர்கள் எல்லாரும் போனபிறகு அப்பாவிடம் கேட்டாள்.

"செத்துப்போனா லேட்டாத்தான் வருவாங்களாப்பா?"

அதற்கப்புறம் பட்டறை வேலையை அப்படியே போட்டுவிட்டு பஸ் நேரத்துக்கு அப்பா வீட்டுக்கு வரத் தொடங்கினார். அவளோடு ஜன்னலில் நிற்பார். வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, பஸ் கிளம்பிப் போகும்வரை கூடவே நிற்பார். மாதக்கணக்கில் இது நடந்தது. எங்களோடு தங்க வந்த பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, முந்தானையைக் கடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து பார்ப்பாள். பிறகு ஒருநாள் பஸ் வந்தது. குண்டூசி தரையில் கவிழ்ந்து படுத்து யானைக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. நான் அவளைக் கூப்பிடப் போனேன். அப்பா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அன்றைக்கு அவர் மட்டும் ஜன்னலில் நின்றார்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் அந்தத் தீவுப் படம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஒரு சிறுவன் கட்டுமரத்தில் நிற்கிறான், பின்னால் மலை மாதிரி ஒரு ஆக்டோபஸ். கப்பல் உடைந்து காணாமல் போன அம்மாவைத் தேடி அவன் ஒரு தீவுக்குப் போகிறானாம். குண்டூசியின் வகுப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். அவள் வீட்டில் தலைகீழாக நின்றாள். சரி என்று அப்பா காலைக் காட்சிக்குப் போனார்.

நாங்கள் தலைவாரி, நல்ல சட்டை போட்டு வாசலிலேயே நின்றோம். அப்பா வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். சட்டை ஆணியில் ஏறியது.

"என்னடா இருக்கு அதுல?" என்றாள் அத்தை. "ஆக்டோபஸ் பயங்கரமா இருக்கா?"

"ரப்பர்க்கா அது. ஒட்டுப் போட்டது கூடத் தெரியுது."

"வெட்டுக்குத்தா?"

"அதெல்லாம் பெருசா இல்ல."

"அப்புறம் என்னத்துக்குப் புள்ளைய அழ வைக்கற?"

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் நின்று, "ஏன் யோசிக்கறீங்க? என் பையன் குதிச்சிக்கிட்டே வந்தான். முடிவு அவ்வளவு நல்லா இருக்கு" என்றாள். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். மண்டை ஓடும் முதலையும் வந்த படத்துக்கெல்லாம் கூட்டிப் போனவர், ரப்பர் ஆக்டோபஸுக்கு என்ன பிகு பண்ணுகிறார் என்று மனசுக்குள் திட்டினேன். குண்டூசி சாப்பிடாமல் தூங்கிவிட்டாள்.

அவள் தூங்கியபிறகு அடுப்படியில் அத்தை அவரை மடக்கினாள். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

"கடைசில அந்த அம்மா வந்துடறாக்கா" என்றார் அப்பா. "செத்துட்டான்னு ஊரே சொல்லுது. அவ கரையில நின்னு கை ஆட்டறா. பையன் ஓடிப்போய்க் கட்டிக்கறான். இவ இப்பத்தான் ஜன்னலை விட்டா. இதைப் பாத்துட்டு மறுபடியும் போய் நின்னான்னா, நான் என்ன சொல்றது?"

வாய் ஓயாத அத்தை, துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தாள். என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"பள்ளிக்கூடத்துல கதை மொத்தமும் சொல்லியிருப்பாங்களேடா."

"கேக்கறது வேற, கண்ணால பாக்கறது வேறக்கா."

ஆனாலும் குண்டூசியின் வாடிய முகத்தை அவரால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. அடுத்த விடுமுறையில் அதே படத்துக்குத் தனியாக இன்னொரு தடவை போனார். எந்த இடத்தில் எழுந்தால் முடிவுக்கு முன்னால் அவளை வெளியே கூட்டிவந்துவிடலாம் என்று பார்த்து வைத்துக்கொண்டார். வாசலில் நின்று "கிளம்புங்க" என்றார். எனக்கு மட்டும் கண்ணைக் காட்டினார்.

கடைசி வரிசையில், வழியை ஒட்டி உட்கார்ந்தோம். ஆக்டோபஸ் வந்தபோது கை வந்தது. புயல் வந்தபோது வந்தது. எல்லாம் கணக்காக நடந்தது. படம் முடியப்போகும் சமயத்தில் அப்பா குனிந்து, "வா, ஐஸ்கிரீம் வாங்கலாம். அப்புறம் கூட்டம் வந்துடும்" என்றார்.

"முடியட்டும்பா."

"ரெண்டு வாங்கித் தரேன்."

"முடியட்டும்பா." திரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

திரையில் வெயில் அடித்தது. அமைதியான கரை, இனிமையான இசை. பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை. அப்பாவின் இடது கை எழுந்து குண்டூசியின் கண்ணை மூடியது. எனக்கான கை அவர் முழங்காலிலேயே கிடந்தது. குண்டூசி தன் இரண்டு கையாலும் கண்ணை மூடிய கையைப் பிடித்து மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அம்மா கை ஆட்டினாள். சிறுவன் ஓடினான். தியேட்டர் மொத்தமும் கைதட்டியது. அப்பா திரையைப் பார்க்கவில்லை, இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்குப் போட்டார்கள். அப்பாவின் கன்னம் ஈரமாக இருந்தது. அம்மா போன அன்றைக்குக் கூட அவர் எங்கள் எதிரில் அழுததில்லை. குண்டூசி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மடியிலிருந்த கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பயப்படாதப்பா. இது சினிமா. நிஜத்துல இப்படியெல்லாம் நடக்காது."

ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு நடந்தோம். ஒரு கையில் ஐஸ்கிரீம், மறு கையில் அப்பாவின் விரல், ரப்பர் ஆக்டோபஸுக்கு எத்தனை கால் என்று அவள் பேசிக்கொண்டே வந்தாள். எங்கள் தெருமுனைக்கு வந்தபோது சாயங்கால பஸ் எங்களைக் கடந்து போய் நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நானும் அப்பாவும்தான் திரும்பிப் பார்த்தோம்.