கோட்டையில் விட்டுவந்த பிள்ளை

போன வருடம் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்ட ஒரு வேனும், கூடவே ஒரு வழிகாட்டியும் பிடித்தோம். காலையில் கன்னியாகுமரி, பிறகு வட்டக்கோட்டை, மதியச் சாப்பாட்டுக்கு வீடு. எங்கள் வழக்கப்படி வேனில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். பாட்டும் சிரிப்புமாக ஒரே கூத்து.

கோட்டையிலிருந்து கிளம்பும்போது வழிகாட்டி, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டார். "ஏறியாச்சு" என்று வேன் அதிரக் கத்தினோம்.

வழியில் கொட்டாரம் ஊரில் டீ குடிக்க இறங்கியபோது என் கணவர் வந்து, "ஜெனிக்குப் பால் வாங்கட்டா?" என்றார்.

"அவ உங்க கூடல்லா இருந்தா?"

"எனக்க கூடயா? உனக்க மடியில இருக்கான்னுல்லா நெனச்சேன்!"

ஜெனி எங்கள் மகள், நாலு வயசுப் பிள்ளை. கோட்டை மதிலுக்குக் கீழே கடல். திரும்பிப் போன வழி முழுக்க அந்த அலைச் சத்தம்தான் என் காதில்.

கோட்டை வாசலில் மாங்காய் விற்கிற அக்கா மடியில் ஜெனி இருந்தாள். "மதிலுக்கிட்ட தனியா நின்னுது, தூக்கிட்டு வந்தேன். இத்தன பேரு வந்தியளே, ஒருத்தருக்கும் கண்ணு இல்லியா மக்கா?" என்று அந்த அக்கா கேட்டார். அழுதபடியே ஜெனியை வாங்கி அணைத்துக்கொண்டேன்.

இப்போது எந்த வண்டியில் ஏறினாலும் ஜெனியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். "உனக்க மடியிலதானம்மா இருக்கேன்" என்று அவள் சலித்துக்கொண்டாலும் சரி, அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் வண்டியை எடுக்கச் சொல்கிறேன்.