அழிந்த பார்ட்டிஷனும் ஆறாயியின் வாக்குமூலமும்

கொட்டாஞ்சேனையில் இரண்டு அறைகளில் இயங்கிய அந்த அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வெள்ளை வேன் வண்டியில் கடத்திக் கொண்டுபோகப்பட்டவர்களின் வீட்டார் வந்து சொல்வதையெல்லாம் மரியகொறற்றி அங்கே தட்டச்சுச் செய்து வந்தாள். 2007ஆம் வருடம். படையினரின் சோதனைக்குப் பயந்து கடதாசிப் பிரதிகளை எரித்துவிட்டிருந்தார்கள். மிஞ்சியது கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். அதற்கும் வைரஸ் பிடித்தது. வெள்ளவத்தையில் கம்ப்யூட்டர் திருத்தும் அலவி, புது டிஸ்க் வாங்கி லினக்ஸ் இயங்குதளம் போடச் சொல்லி ஒரு சீடி கொடுத்தனுப்பினார்.

பைல்களைப் பிறகு மாற்றலாமென்று பழைய டிஸ்க்கைக் கழற்றாமலே கொறற்றி வேலையைத் தொடங்கினாள். திரையில் ஒரே அளவில் இரண்டு டிஸ்க்குகள் தெரிந்தன. முதலாவதுதான் புதியது என்று நினைத்து, அதிலிருந்த பிரிவுகளான பார்ட்டிஷன்களை அழித்துப் புதிதாகப் பிரித்து எழுதினாள். புது டிஸ்க்கில் ஏன் ஏற்கெனவே பார்ட்டிஷன் இருக்கிறது என்று அவள் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் வெறுமையாக்கி ஃபார்மட் செய்யட்டுமா என்று திரை கேட்டபோதுதான் டிஸ்க்கின் இலக்கத்தைப் படித்தாள். அது பழையது.

அலவிக்குப் போன் எடுத்தாள்.

"ஃபார்மட்டுக்கு ஓகே குடுத்தீங்களா, மிஸ்?"

"இல்லை. கேட்டுக்கொண்டு நிக்குது."

"அப்ப இனி அதில ஒண்டும் எழுத வாணாம். எது எங்க தொடங்குதெண்ட அட்டவணைதான் போயிரிக்கி. பைல் இருந்த இடத்திலயே இரிக்கும். ஆமிக்காரங்க பாதை மூடியிரிக்காங்க, என்னால வரேலாது. நான் சொல்லச் சொல்லச் செய்ங்க."

சீடியிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கி, தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடும் புரோகிராமை ஓடவிட்டாள். முதலாவது உடனே அகப்பட்டது. வாக்குமூலங்கள் இருந்த இரண்டாவதைக் காணவில்லை. டிஸ்க் முழுவதையும் ஆழமாகத் தேடவிடச் சொன்னார் அலவி. அதற்கு மணிக்கணக்காகும்.

அந்த நேரம் பார்த்து ஆறாயி வந்தாள். பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி தூக்கிய அவளுடைய மகனைப் பிடித்துப்போய் ஐந்து மாதம். அப்போது தான் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்று கேட்டாள்.

நாளைக்கு வரச் சொல்லியிருக்கலாம். கொறற்றிக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"ஆறாயி அக்கா, நீங்க சொன்னத நான் அழிச்சுப்போட்டன் போல. திரும்பி வருமோ தெரியா."

ஆறாயி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அழிஞ்சா என்னம்மா, நான் இருக்கேன்ல. எழுதுங்க."

கொறற்றி எழுதும் கொப்பியையும் பேனாவையும் எடுத்தாள். சொல்லிக்கொண்டே போன ஆறாயியின் குரல் ஓரிடத்தில் தணிந்தது.

"வேன்ல வந்தவன் எம் மகன பேரு சொல்லித்தான் கூப்பிட்டான். தெரிஞ்ச ஆளு. அன்னிக்குப் பயத்துல இத சொல்லல."

கொறற்றி பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள். பிறகு அதையும் எழுதினாள்.

பின்னேரம் இரண்டாவது பார்ட்டிஷனும் அகப்பட்டது. அலவி சொன்னபடி பழைய அட்டவணையைத் திரும்ப எழுதியதும் பைல்கள் தெரிந்தன. மறுநாள் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் புதியதில் லினக்ஸைப் போட்டாள். ஆறாயியின் இரண்டு வாக்குமூலங்களையும் சேர்த்து விசாரணைக்காக மேலிடத்துக்கு அனுப்பினார்கள். மகன் வரவில்லை.

வைரஸ் தின்ற ஏழு பேருடைய வாக்குமூலப் பைல்கள் மட்டும் திறக்க மறுத்தன. அந்த ஏழு வீடுகளுக்கும் கொறற்றி கொப்பியோடு நடந்து போனாள். ஆறு வீட்டில் அழுதழுது நடந்ததை மறுபடியும் சொன்னார்கள். ஏழாவது வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று அயலில் ஒருவருக்கும் தெரியவில்லை.