கிணற்றடியில் பயத்தமாவு

பேத்தி முகத்தில் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கலவையில் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் மணக்க, எனக்கு இந்த வயசிலும் கன்னம் எரிகிறது. கோம்பையில் எங்கள் தோட்டத்துக் கிணறு தூர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்தக் கிணற்றடியில், மாடுகள் இழுக்கும் கமலை கிறீச்சிட, தோல்சாலிலிருந்து தண்ணீர் தொட்டியில் சளசளவென்று கொட்ட, வெள்ளிக்கிழமைதோறும் எட்டு வயசான என்னைத் துவைகல்லில் உட்காரவைத்து, அப்பாவின் தங்கை ராக்காயி அத்தை புளித்த தயிரில் குழைத்த மாவை அப்பிக் காயவிட்டு, வேட்டிக்கு அழுக்கெடுப்பதுபோலத் தேய்ப்பாள்.

“எரியுது அத்தை.”

“பொறுத்துக்க ஆத்தா. எம் மகனுக்குக் கறுத்த பொண்ணக் கட்டிவச்சா ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாக?”

அந்த மகன் அங்கேயே கமலை மாடுகளை ஓட்டிக்கொண்டிருப்பான், அடுப்புக்கரி நிறத்தில். அவன் முகத்தில் ஒரு சிட்டிகை மாவு பூச அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பத்து வருஷம் தேய்த்தும் நான் வெளுக்கவில்லை. கடைசியில் அந்தக் கரிக்கே என்னைக் கட்டிவைத்தாள்.

எங்களுக்கு முதல் பெண் பிறந்ததும், பிள்ளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பக்கத்திலேயே மகன் நின்றிருந்தான்.

“கறுப்புல அப்படியே ஒன்னைய உரிச்சு வச்சிருக்கு ஆத்தா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, மாவு டப்பாவைத் தேடிப் போனாள்.