மோதிப் பிழைக்கும் குடும்பம்

அந்த வீட்டில் மூன்று பேருக்கும் சோறு போட்டது மோதல்தான். மாமனார், ஓய்வு பெறும்வரை காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து மதிப்பீட்டாளர். நசுங்கிய வண்டிகளைச் சுற்றிச்சுற்றி வந்து, எது எதை எந்தப் பக்கமாக இடித்தது, தப்பு யார் மேல் என்று சொல்லியே தலை நரைத்தவர். அவருடைய மகன் கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி நடத்துகிறார். எதன் மீதும் இடிக்காமல் வீடு போய்ச் சேர்வது எப்படி என்பதே அங்கே பாடம். மருமகள் மட்டும், அப்பாவும் மகனும் கட்டிக்காத்த ஒழுக்கத்துக்கு நேர் எதிராக, வேண்டுமென்றே இடிக்கவிட்டு வேடிக்கை பார்க்கும் உத்தியோகத்தில் இருக்கிறார். இது அந்த மருமகளின் கதை.

அவரை எல்லோரும் வினோதினி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மூச்சுவிட்டுக் கொண்டிருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் தேடுவது வினோதத் துகள்களை. அதே வேலையை இன்னும் ஐந்தாறு பேர் செய்தும் பட்டம் இவருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது நியாயமா என்று கேட்டால், இவரோடு ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தவர்கள் நியாயம்தான் என்பார்கள்.

கல்யாணமும் மோதலில்தான் தொடங்கியது. ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே காரைப் பின்பக்கமாக எடுத்துப் பள்ளியின் பெயர்ப்பலகையைச் சாய்த்தார். சொல்லிக்கொடுத்தவர் திட்டவில்லை. “பரவாயில்லைங்க, அதுல ஒரு எழுத்துப் பிழை இருந்துச்சு. எடுத்துடணும்னு நானே நினைச்சிட்டிருந்தேன்” என்றார். இப்படிப்பட்ட ஆளைக் கைவிடக் கூடாது என்று வினோதினி அங்கேயே, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, முடிவு செய்தார். சேதத்தைப் பார்க்க வந்தவர் பிற்கால மாமனார். பலகையைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். மகனின் முகத்தையும் பார்த்தார். “தப்பு பலகை மேலதான்” என்று தீர்ப்புச் சொன்னார். நீண்ட பணிக்காலத்தில் அவர் பாரபட்சம் காட்டிய ஒரே வழக்கு அது.

ஊருக்கு வெளியே, தரைக்கு அடியில், வட்டமாக ஒரு சுரங்கம். அதற்குள் ஈயத்தின் அணுக்கருக்களை ஒளியின் வேகத்தைக் கிட்டத்தட்ட எட்டிப்பிடிக்கும் அளவுக்கு விரட்டி, எதிரெதிரே ஓடவிட்டு மோதவைக்கிறார்கள். மேலே நீளமாக ஒரு கட்டடம். அதன் இரண்டாவது மாடியில், சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்த அறையில் வினோதினியின் மேசை. அறைக்கு வெளியே ஒரு காபி இயந்திரம்; பால் காபிக்கு அழுத்தினால் தக்காளி சூப் தரும். பிரபஞ்சம் பிறந்த கணத்தின் சூட்டை வரவழைக்கத் தெரிந்த அந்தக் கூடத்தில், அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் இல்லை.

கல்யாணமான புதிதில் மாமனார் சாப்பாட்டு மேசையில் விசாரணையைத் தொடங்கினார்.

“ஏம்மா, ரெண்டும் நேருக்கு நேர் வருது. ஒண்ணு கூடவா பிரேக் போடல?”

“பிரேக்கே கிடையாது மாமா.”

“அப்ப ரெண்டு பேர் மேலயும் தப்பு. சரி, சேதம் என்ன?”

“எல்லாம் உருகி ஒரே கொதிகுழம்பா ஆயிடும். அது இருக்கற நேரத்தோட பார்த்தா கண்ணிமைக்கறதே ஒரு யுகம். ஆறினதும் ஆயிரக்கணக்குல துண்டு பறக்கும். அதுல சிலது வினோதத் துகள். ஈயத்துல இருந்ததில்ல, மோதினதால புதுசா வந்தது.”

மாமனார் கரண்டியைக் கீழே வைத்தார். “மோதறதுக்கு முன்னாடி வண்டியில இல்லாத சாமான், மோதின பிறகு எப்படிம்மா ரோட்டுல கிடக்கும்?”

“அதைத்தான் மாமா ஆராய்ச்சி பண்றோம்.”

“எங்க ஆபீஸ்ல இதுக்கு மோசடின்னு பேரு.”

மோசடி இல்லை. மோதலின் ஆற்றலே பொருளாக மாறுகிறது; குவார்க் எனும் அடிப்படைத் துகள்களில் ‘வினோத’ வகை ஒன்றும் அதன் எதிர்த்துகள் ஒன்றும் ஜோடியாகப் பிறக்கின்றன. எல்லாம் உண்மையிலேயே உருகிக் கொதித்திருந்தால் அவை தாராளமாகப் பிறக்கும். எனவே வினோதத்தை எண்ணினால், உருகியதா இல்லையா என்று தெரிந்துவிடும். மூன்று வினோதக் குவார்க்குகளைச் சுமந்த ஒமேகா என்ற துகள்தான் இவற்றில் அரியது. வினோதினி அதன்மேல் வைத்திருந்த பிரியத்தைப் பற்றி அவர் கணவருக்குப் புகார் ஏதும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், ஒமேகா, தடங்களைப் பதியும் கருவியின் கண்ணில் படும்வரை உயிரோடு இருப்பதில்லை. பிறந்த இடத்திலிருந்து சில விரற்கடை தூரம் போய் உடைந்துவிடும். துண்டுகளின் தடங்கள்தான் கிடைக்கும். தடங்களைப் பின்னோக்கி நீட்டி, அவை மோதல் நடந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒன்றுகூடினால், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று கொள்ளலாம். ஆனால் ஆயிரம் தடங்கள் பறக்கும் கூட்டத்தில், சம்பந்தமே இல்லாதவையும் தற்செயலாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும். கல்யாண வீட்டில் இவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டுக்காரர் என்று மாப்பிள்ளை வீட்டாரும் நினைத்துக்கொள்ள, நடுவில் உட்கார்ந்து இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர் இருப்பாரே, அந்த ரகம்.

இந்தப் போலி உறவுகளை எண்ணுவதற்கு ஒரு வழி உண்டு. இந்த மோதலிலிருந்து ஒரு துண்டு, அடுத்த மோதலிலிருந்து ஒரு துண்டு என்று எடுத்து ஜோடி சேர்ப்பது. அவை உடன்பிறப்பாக இருக்க வழியே இல்லை. இருந்தும் எத்தனை ஜோடிகள் உடன்பிறப்பு போலத் தோன்றுகின்றன என்று பார்த்து, அதை மொத்தத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது மெய்யான ஒமேகா. வரைபடத்தில் அது ஒரு மேடாக எழும். வினோதினியின் வரைபடத்தில் அழகான மேடு எழுந்தது. அதை வெளியில் காட்ட ஒரு குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவுக்குத் தலைவர் ஒருவர் இருந்தார்.

அவரை எல்லோரும் ‘இருந்தாலும்’ என்பார்கள், அவர் முதுகுக்குப் பின்னால். நல்ல மனிதர், பொறுமைசாலி. எதைக் காட்டினாலும் ரசித்துப் பார்ப்பார், பாராட்டுவார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், “இருந்தாலும்” என்பார். வினோதினியின் மேட்டை ஒரு வருடமாக அவர் இப்படியே ரசித்துக்கொண்டிருந்தார். கடைசியாகக் கேட்டது இது: “உங்க கழித்தல் கணக்கே அந்த மேட்டை உண்டாக்கலன்னு எப்படி நம்பறது?” கூடவே ஒரு வேண்டுகோள்: “அதைக் கழிக்கற கம்ப்யூட்டர் புரோகிராமைக் கொஞ்சம் மனுஷங்க படிக்கிற மாதிரி எழுதுங்களேன்.”

புதன்கிழமைக் கூட்டத்தில் அனுமதி கிடைத்தால் பெரிய மாநாட்டில் மேடு அரங்கேறும். கிடைக்காவிட்டால் அடுத்த மாநாடு வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கடலுக்கு அந்தப் பக்கம் இதையே தேடும் இன்னொரு குழு தங்கள் மேட்டைக் காட்டிவிடும். இரண்டாவதாக வரும் மேட்டுக்கு இத்துறையில் ‘உறுதிப்படுத்தல்’ என்று பெயர். அதற்கும் கைதட்டுவார்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

திங்கட்கிழமை காலை வினோதினி புரோகிராமைப் பெருக்கித் துடைத்து, மனிதர்கள் படிக்கும் தரத்துக்குக் கொண்டுவந்தார். ஓடவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் மேட்டைக் காணோம். சின்னச் சின்ன நெளிவுகளோடு, பூஜ்யத்தை ஒட்டி, வரைபடம் தட்டையாகக் கிடந்தது. ஒரு வருடத்து ஒமேகா ஒன்றுகூட மிச்சமில்லை.

வீட்டில் செய்தி பரவியது.

“மொத்தமும் போச்சா?” என்றார் மாமனார். “ஆபீஸ்ல யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?”

“திருடற சாமான் இல்ல மாமா.”

“எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. அந்தக் காபி மெஷின் பக்கத்துல யாரு உட்கார்றா?”

கணவர் தன் தொழிலுக்குரிய யோசனையைச் சொன்னார். “எங்க இடிச்சதுன்னு தெரியலன்னா, வந்த வழியிலேயே ரிவர்ஸ் எடு.” பல்வலி முதல் வீட்டுக்கடன் வரை எல்லாவற்றுக்கும் அவர் சொல்லும் யோசனை இதுதான் என்பதால் வினோதினி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை வரிவரியாகப் படித்தார். மதியத்துக்கு முன்பே அகப்பட்டது. கணினிகள் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும், மனிதர்கள் ஒன்றிலிருந்து. புரோகிராமில் பூஜ்யம் என்றால் ‘இதே மோதல்’, ஒன்று என்றால் ‘அடுத்த மோதல்’. மனிதர்களுக்குப் புரியட்டும் என்று வினோதினி எல்லா இடத்திலும் ஒன்றிலிருந்து எண்ணும்படி மாற்றியிருந்தார். கணினிக்கு அதை யாரும் சொல்லவில்லை. அது பழையபடியே புரிந்துகொண்டது. விளைவு: மெய்யான உறவைத் தேட வேண்டிய இடத்தில், இந்த மோதலின் துண்டை அடுத்த மோதலின் துண்டோடு சேர்த்தது. போலி உறவைத் தேட வேண்டிய இடத்தில், அதற்கும் அடுத்த மோதலின் துண்டோடு சேர்த்தது. போலியிலிருந்து போலியைக் கழித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கைவிரித்தது.

முனைவர் பட்டம் வாங்கியவருக்கு எதிலிருந்து எண்ணுவது என்பதில் தகராறு. அறையில் யாரும் இல்லாததால் வாய்விட்டுச் சிரித்தார். எண்களைத் திருத்தி ஓடவிட்டதும் மேடு எழுந்து நின்றது. தட்டை வரைபடத்தை அழிக்கப் போனவர், விசைக்கு மேலே விரலை நிறுத்திக்கொண்டார்.

போலியைக் கொடுத்தோம், கழித்தோம், மேடு வரவில்லை. கழித்தல் கணக்கு தானாக மேடு போடும் ஜாதியாக இருந்திருந்தால் இங்கேயும் போட்டிருக்கும். ஒரு வருடமாக ‘இருந்தாலும்’ கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, முந்தின நாள் மதியம், தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கணினி பதில் சொல்லி முடித்திருந்தது.

குழுவினர் ஆளுக்கொரு ஊரில் இருந்ததால் புதன்கிழமைக் கூட்டம் காணொளியில். வினோதினி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்தார். கேமராவுக்கு எட்டாத மூலையில் மாமனாரும் கணவரும் உட்கார்ந்தார்கள்.

“மாமா, ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“நான் இருக்கறதே தெரியாதும்மா.”

வினோதினி இரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டினார். முதலாவது எப்படி வந்தது என்பதையும், பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடந்த குழப்பத்தையும் ஒளிக்காமல் சொன்னார். தலைவர் தட்டைப் படத்தை நெடுநேரம் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இருந்தாலும்...”

மூலையிலிருந்து மாமனார், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு மகனிடம் கேட்டது மூன்று ஊர்களுக்குக் கேட்டது. “இவன்தானே அவன்?”

“யாருங்க அது?” என்றார் தலைவர்.

வினோதினி மூலையை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினார். “என் மாமனார் சார். விபத்து மதிப்பீட்டாளரா இருந்தவர்.”

“அப்படியா. இந்த மோதலைப் பத்தி அவர் என்ன நினைக்கறார்?”

பிடிபட்ட பின் ஒளிவதில் அர்த்தமில்லை என்று மாமனார் கேமராவுக்கு முன்னால் வந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “எல்லாம் நல்லாத்தான் சொன்னீங்க. தப்பு யார் மேலன்னு மட்டும் இன்னும் யாரும் சொல்லல.”

தலைவர் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

“இருந்தாலும், ரெண்டாவது படத்துல எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு. பெரிசாக்கிடுங்க.”

வேறு கேள்வி இல்லை. அந்தத் துறையில், ஒருவர் எழுத்தின் அளவைக் குறை சொல்கிறார் என்றால் குறை சொல்ல வேறொன்றும் அகப்படவில்லை என்று பொருள். மடிக்கணினியை மூடியதும் வினோதினி கணவரின் தோளில் ஓங்கிக் குத்தினார். “என்னாச்சு? கிடைக்கலயா?” என்று பதறினார் மாமனார்.

மாநாட்டில் குழுவின் சார்பாகப் பேசியவர் வேறொருவர். அன்று ஓட்டுநர் பள்ளியின் வகுப்பறைச் சுவரில், போக்குவரத்துச் சின்னங்களைக் கழற்றிவிட்டு, நேரலையைப் பெரிதாகப் போட்டார்கள். அடுத்த வாரம் தேர்வு எழுதவிருந்த மாணவர்களும் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கத்தின் குளிர்விப்புக் குழாய்களைப் பற்றிய படம் வந்தபோது மாமனார் எழுந்து நின்று கைதட்டினார். மரியாதைக்கு மாணவர்களும் தட்டினார்கள். “இது இல்ல மாமா” என்று வினோதினி சட்டையைப் பிடித்து இழுத்தார். “பரவாயில்லம்மா, அவங்களும் பாவம் உழைச்சிருப்பாங்க.”

பிறகு அது வந்தது. கொட்டை எழுத்துகளில் தலைப்பு, நடுவில் மேடு. இம்முறை வினோதினியே முதலில் எழுந்து, தன் படத்துக்குத் தானே தட்டலாமா என்று யோசிக்காமல், கை வலிக்கத் தட்டினார். வகுப்பறை அதிர்ந்தது.

மாணவர்களில், முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரப் பெண்மணி மட்டும் தட்டவில்லை. மேட்டின் செங்குத்தைக் கவலையோடு அளந்துகொண்டிருந்தார்.

“சார், இதுல ஏறணும்னா செகண்ட் கியர் போதுமா?”

“வேண்டாம்மா” என்றார் கணவர். “ஃபர்ஸ்ட்லயே மெதுவா ஏறுங்க. மேல போனா நல்லா இருக்கும்.”