காந்தா அக்கா உடைத்த அடுப்பு

"அம்மா போயிட்டாங்க லா. மூச்சு நின்னுடுச்சு." காந்தா அக்காவின் மகன் சேகர் போனில் சொன்னபோது நான் தொழிற்சாலையில் நாற்காலிக் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்ததைச் சுவரில் ஓங்கி அடித்தேன். சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும். சுங்கை லாலாங் பக்கம் எங்கள் தோட்ட வரிசை வீடுகளில் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாரும் இல்லை.

அக்காவும் நானும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். மேசை நாற்காலி செய்து மிஞ்சும் ரப்பர் பலகைத் துண்டுகள் எங்களுக்கு இலவசம். பசை ஒட்டியது, சாயம் பூசியது, எல்லாவற்றையும் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைப்போம். நன்றாகப் பிடித்து எரியும். கேஸ் தோங், அதுதான் சிலிண்டர், ஒரு மூலையில் துணி போர்த்தியிருக்கும். விருந்தாளி வந்தால் தேநீர் போட மட்டும் அதைத் திறப்போம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அக்காவுக்கு நெஞ்சு அடைத்தது. கிளினிக்குக்கு நான்தான் கூடப் போனேன். "ரோக்கோ, சிகரெட் ஏதாவது பிடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டார். அக்கா மேசையில் ஓங்கி அறைந்தார். "ஒரு ரோக்கோ தொட்டதில்ல டாக்டர். நாப்பது வருஷம் அடுப்பு முன்னால உக்காந்தேன், அது போதாதா?" போதும் என்றார் டாக்டர். கெட்டுப்போன நுரையீரல் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், அந்தப் பலகைப் புகை சாதாரண விறகுப் புகையைவிட மோசம் என்றார். அன்று மாலையே அக்கா தன் அடுப்பை உடைத்தார்.

அடுத்தது என் வீடு. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பத்தடி ஓடினால் நெஞ்சு இரைக்கும். அக்கா மூன்று முறை சொன்னார். "மழை இருமல்தான் க்கா" என்று மூன்று முறையும் தட்டிக் கழித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தபோது மண்வெட்டியோடு உள்ளே வந்தார். முதல் உதை சட்டிக்கு. கொதிக்கும் குழம்பு என் காலில் தெறித்தது. நான் அவர் முடியைப் பிடித்து இழுத்தேன். கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறகு செங்கல் செங்கல்லாக அடுப்பைப் பெயர்த்தார்.

ஓடிவந்த என் கணவர் கையை ஓங்கினார். "அடிடா தம்பி! அடிச்சிட்டு உன் மகளத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. என் நெஞ்சு மாதிரி அவ நெஞ்சும் போகணுமா?" சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்கே மூச்சு முட்டியது. மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு மடங்கி நின்றார். கணவரின் கை தானாக இறங்கியது.

ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. செத்துத் தொலையட்டும் என்றுகூட நினைத்தேன். அதை இங்கே மறைக்கப் போவதில்லை. ஆத்திரத்தோடுதான் கேஸில் சமைத்தேன். மகளின் இரைப்பு மெல்லக் குறைந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். "அதெல்லாம் வேணாம். பிள்ள ஓடுறாளா?" என்றார். ஓடுகிறாள் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

கடைசி மாதங்களில் மூக்கில் குழாயோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். பேச முடியாது. பலகை மூட்டையோடு யார் போனாலும் செருப்பு பறக்கும்.

நேற்று அவருடைய பதினாறாம் நாள். மழை என்று ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மெர்போக்கிலிருந்து வந்த உறவினர்கள் அவருடைய சமையலறையிலேயே கல் கூட்டி, அதே பலகைத் துண்டுகளை மூட்டினார்கள். பிள்ளைகள் அங்கேயே இருமிக்கொண்டிருந்தன. ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அப்படியே ஊற்றினேன். சாம்பலும் ஆவியும் எல்லார் முகத்திலும் அடித்தன.

"துக்க வீட்ல என்ன லா இது?" என்று ஒருவர் என்னைப் பிடித்துத் தள்ளினார்.

"எதனால துக்க வீடாச்சுன்னு கேளுங்க" என்று நானும் தள்ளினேன். சேகர் போய் ஜன்னல்களைத் திறந்தான்.

அக்காவைத் தெரிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு வந்தது இந்தக் கோபம்தான். அதை நான் விடப் போவதில்லை. உங்களில் எத்தனை பேர் வீட்டுக் கூரையில் இன்னும் புகை வருகிறது என்று எனக்குத் தெரியும். வருவேன். பிள்ளைகளை மட்டும் அடுப்பருகே உட்கார வைக்காதீர்கள். நான் உதைக்கும்போது குழம்பு தெறிக்கும்.