பத்துக்கு எத்தனை, கோச்?

தனபாலன் கோச் இன்று காலை கிள்ளானில் இறந்துவிட்டார்.

பழைய ரிலே டீம் வாட்ஸ்அப் குரூப்பில் 'லெஜண்ட்', 'எங்களுக்கு அப்பா மாதிரி'... அடப்பாவிகளா. இதே வாயால்தானே அவரை எமன் என்று கூப்பிட்டீர்கள்! நானும்தான் கூப்பிட்டேன்.

ஓடவைப்பதில் மனுஷன் கெட்டிக்காரர், மறுக்கமாட்டேன். பண்டமாரான் பிள்ளைகள் எங்களுக்கு முதல் ஸ்பைக்ஸ் ஷூ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

ஆனால் ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் வரிசையில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார். "பயம் எத்தனை? பத்துக்கு சொல்லு."

ஏதோ கோர்ஸில் படித்துவிட்டு வந்தது. ஐந்துக்கு மேல் சொன்னால் டீமில் பெயர் இருக்காது. டாய்லெட்டுக்குப் பின்னால் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, "ரெண்டு கோச்" என்போம்.

யாழினிக்கு அப்போது பதினாறு வயது. எங்களில் அவள்தான் வேகம். வாரத்துக்கு ஆறு நாள் ட்ரெயினிங், சரியான தூக்கம் கிடையாது, ரேஸ் அன்று சோறும் இறங்காது.

"ரெண்டுன்னு சொல்லிடு டி, முடிஞ்சிது லா," என்று சொல்லிக்கொடுத்தது நான்தான்.

மாநில ஃபைனல் அன்று அவள், "ஒம்பது கோச்" என்றாள்.

கோச் சிரித்தார். "மகாராணிக்குப் பயமாம்! எல்லாரும் கை தட்டுங்க லா."

தட்டினோம். நானும் தட்டினேன்... அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

அவள் இடத்தில் வேறு பிள்ளை ஓடினாள், தோற்றோம். பஸ்ஸில் யாரும் அவளோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு யாழினி ஓடவே இல்லை. இப்போது பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கிறாள். கண் முன்னால் எல்ஆர்டி கதவு மூடினாலும் ஓடமாட்டாள், அடுத்த ரயிலுக்கு நிற்பாள்.

போன வாரம் கோச்சைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கில் ஆக்ஸிஜன் டியூப், கை இரண்டும் வீங்கி... "வந்துட்டியாமா," என்றார். பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் இரக்கப்பட்டிருப்பார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை.

"பயம் எத்தனை கோச்? பத்துக்கு சொல்லுங்க."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒம்பது," என்றார்.

கை தட்டினேன். பக்கத்துக் கட்டில் அங்கிள் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

நாளைக்கு எடுக்கிறார்களாம். நான் வரமாட்டேன்.

போங்க கோச்.